எடுத்துக்கங்க அத்தை

சதுரங்கம் பொறுமையைக் கற்றுத் தரும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்கள் ஒன்று அதை ஆடியதே இல்லை, அல்லது இன்னும் எங்கள் அத்தையோடு ஆடவில்லை. எனக்கு அது கற்றுத் தந்தது பல்லைக் கடிக்கும் பழக்கம் ஒன்றைத்தான். போன வருடம் பல் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பீங்களோ?” என்று கேட்டார். முழித்திருக்கும்போதும் கடிப்பேன் டாக்டர் என்றேன். அத்தை கடை எங்கள் கடைக்கு முன்னால் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

எங்கள் ஊர் பெருமாள்மலை. கொடைக்கானலுக்கு ஏறுகிற வண்டிகள் மூச்சு வாங்க நிற்கிற முக்கு. அங்கே தகரக் கொட்டகையில் என் அப்பாவும் அவருடைய அக்கா ஜெயமணியும் சேர்ந்து பழக்கடை வைத்திருந்தார்கள். பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், மலைப்பூண்டு, அத்தை அவித்துத் தரும் சோளம். பஸ் நின்றதும் அத்தை ஒரு குரல் கொடுப்பார். தூங்குகிற பயணிகூட எழுந்து சோளம் வாங்கிவிடுவான். (அத்தைக்கு நான் ‘ஆர்’ போட்டு எழுதுவது அச்சுக்காக மட்டும். மனசுக்குள் போடுவது வேறு.)

இடத்துக்காரர் ஒரு நாள் கொட்டகையை இடித்துவிட்டு கான்கிரீட்டில் இரண்டு கடை கட்டினார். ஒன்று முனைக்கடை. ரோட்டைப் பார்த்து, பஸ் படிக்கட்டிலிருந்து கால் வைத்தால் பழக்கூடையிலேயே வைக்கலாம் என்கிற தூரம். இன்னொன்று அதற்குப் பின்னால் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே. அந்தக் கடை இருப்பது அதன் ஷட்டருக்கே தெரியாது. வாடகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சீசன் தொடங்குவதற்குள் அப்பா ஒன்றையும் அத்தை ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேருக்கும் முனைக்கடைதான் வேண்டும். ஆனால் இரண்டு பேரும் அதை வாயால் சொல்லமாட்டார்கள். எங்கள் குடும்பத்தின் வியாதி அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளைகளாக வந்த அப்பாவும் அத்தையும் அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, டீக்குத் ‘தேத்தண்ணி’ என்ற சொல், அப்புறம் இந்த வியாதி. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை, “இவ்வளவு சொல்றீங்களேன்னு” என்று இழுத்துக்கொண்டே எடுக்க வேண்டும். முதல் தடவையிலேயே எடுத்தால் அலைஞ்சவள். மூன்று தடவை கேட்காமல் விட்டால் கல்நெஞ்சுக்காரி.

“முனைக்கடையை நீயே எடுத்துக்க தம்பி” என்பார் அத்தை.

“அதெப்படிக்கா? நீ மூத்தவ. நீ எடுத்துக்க” என்பார் அப்பா.

“எனக்கெதுக்குப்பா, நான் ஒரு சோளச்சட்டியை வச்சுக்கிட்டு எங்கனயாச்சும் கெடப்பேன்.”

மூன்றாம் முறைக்கு இருவருமே விடமாட்டார்கள், யார் மூன்றாவதாகக் கேட்கிறார்களோ அவர் தோற்றுவிடுவாரே. பேச்சை மழை பக்கம் திருப்பிவிடுவார்கள். வாரக்கணக்கில் இது நடந்தது. இரண்டு கடையும் பூட்டிக் கிடந்தன. எனக்கு இரத்தம் கொதித்தது. “அப்பா, எனக்கு வேணும்னு சொல்லித் தொலைங்களேன்” என்று கத்தினேன். “ஏம்மா, மெதுவாப் பேசு, அக்கா காதுல விழுந்தா என்ன நினைப்பா” என்றார். அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். கண்தான் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கண் விவகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் காதர் அண்ணன்தான் வழி சொன்னார். மழை மாதங்களில் மலையை மேகம் மூடிவிட்டால் ஒரு வண்டிகூட வராது. கடைக்காரர்கள் எல்லாம் அவர் கடையில் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் செஸ் ஆடுவோம். எந்தத் தகராறும் அந்தப் பெட்டிமேல்தான் தீரும். யார் வண்டியை யார் மறைத்து நிறுத்துவது என்பது வரைக்கும்.

“சீட்டுக் குலுக்கிப் பார்த்தா மனசு ஆறாதுங்க. ஆடித் தீர்த்துக்கங்க” என்றார் காதர் அண்ணன்.

அப்பாவுக்கு ஆடத் தெரியாது. ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகள் இருக்கிறாளே. பழனியில் காலேஜ் படித்தபோது செஸ்ஸில் கப் வாங்கியவள். (அது காலேஜ் போட்டிகூட இல்லை. எங்கள் வகுப்புப் போட்டி. ஆடியவர்களில் பாதிப் பேருக்குக் குதிரை எப்படிப் போகும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் கப் கப்தானே, டிவி மேல் நிற்கிறது.) அத்தையோ, மழைக்காலம் முழுக்க எல்லாரிடமும் தோற்கிறவர். ஆட்டத்தை விட்டுவிட்டு போனில் எதையாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சமையல் வீடியோ என்று நினைத்திருந்தேன். நாசமாய்ப் போன நினைப்பு.

“நான் எங்க ஆடப்போறேன்? சரி, புள்ள ஆசைப்படுது. ஆடுவோம்” என்றார் அத்தை. எங்கள் குடும்ப வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒருவர் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னது அன்றுதான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டீக்கடையில் பெட்டியைச் சுற்றி முக்கே நின்றது. நான் தலைக்குக் குளித்து, கப் வாங்கிய அன்று போட்டிருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அப்பா என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர்ப் பலகைக்கு என்ன கலர் என்பதுவரை காலையிலேயே பேசி முடித்துவிட்டார்.

ஆடுவதற்கு முன்னால் நான் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். வைத்த காயைத் திரும்ப எடுக்கக் கூடாது, தொட்டால் தொட்டதுதான், இது போட்டி, உறவு வேறு ஆட்டம் வேறு என்று. அத்தை தலையை ஆட்டிக்கொண்டே, “நீ சொன்னா சரித்தேன். படிச்ச புள்ள” என்றார்.

அத்தைக்கு வெள்ளை. சிப்பாயை நகர்த்தினார், குதிரையை எடுத்தார், பிஷப்பை வெளியே கொண்டுவந்தார். நான் என் பிஷப்பைக் கொண்டுபோய் அவருடைய குதிரையின் மேல் குறிவைத்து நிறுத்தினேன். அந்தக் குதிரைக்குப் பின்னால் அதே குறுக்குக் கோட்டில் அவருடைய ராணி நின்றது. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். இதை நான் கூட்டத்துக்கு விளக்கவும் செய்தேன். (யாரும் கேட்கவில்லை.) அத்தை இன்னொரு குதிரையை வெளியே எடுத்தார். நான் அலட்சியமாக ஓரத்துச் சிப்பாய் ஒன்றைத் தள்ளினேன்.

அத்தை ராணியை மறைத்து நின்ற அந்த முதல் குதிரையைத் தூக்கினார். நடுவில் நின்ற என் சிப்பாயை அடித்து அங்கே வைத்தார். வைத்த மறுநிமிஷம் வாயில் கை வைத்தார்.

“அய்யய்யோ, பின்னால ராணி நிக்குதே. கண்ணே தெரியலடி வசந்தி. திரும்ப எடுத்துக்கட்டுமா?”

அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை நான் இன்று வரை மறக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண், “பாவம், விட்டுக்குடும்மா” என்றாள். காதர் அண்ணன்கூட என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“வச்சா வச்சதுதான் அத்தை. விதின்னு ஒண்ணு இருக்கில்ல.”

சொல்லிவிட்டு ராணியை அடித்தேன். அடித்ததோடு விட்டேனா? அதைக் கையில் தூக்கிப் பின்னால் திரும்பி அப்பாவுக்குக் காட்டினேன். அப்பா மலைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நான் திரும்பியபோது அத்தையின் பிஷப் என் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை அடித்துவிட்டு நின்றது. “செக்” என்றார். குரலில் நடுக்கத்தைக் காணோம். பிஷப்பை அடிக்க முடியாது, குதிரை காவல் நிற்கிறது. ராஜா போக ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. போனேன். இரண்டாவது குதிரை வந்து நின்றது. போக இடமே இல்லை. எதிரியின் ராணி என் கையில் இருக்கிறது, என் ராஜா நட்டநடுவில் செத்துக் கிடக்கிறது.

“இது மேட்டா பாரு காதரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

காதர் அண்ணன் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். “மேட்டுதான்க்கா” என்றார்.

டீ ஆற்றி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பு பழனி வரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் அத்தை போனைக் காட்டினார். சமையல் வீடியோவாம். ‘ராணியைக் கொடுத்து ராஜாவைப் பிடி’ என்று ஒரு பையன் கத்திக்கொண்டிருந்தான். அத்தை செஸ்ஸில் கற்றது அந்த ஒரே ஒரு பொறி. அதை எனக்காகவே மழைக்காலம் முழுக்கச் சோளத்தோடு சேர்த்து அவித்திருக்கிறார். குதிரையை மட்டும் நான் அடித்திருந்தால் ஒரு சிப்பாயோடு போயிருக்கும். அதைவிட, பெரிய மனசோடு காயைத் திரும்ப எடுக்க விட்டிருந்தால் பொறியே இல்லை. விதி பேசினேன் பாருங்கள், அந்த வாயில் மலைப்பூண்டைத்தான் திணிக்க வேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை. “இது ஏமாத்து வேலை. இன்னொரு ஆட்டம்” என்றேன். ஏமாற்று இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம்.

“போதும்மா, வா” என்றார் அப்பா.

அத்தை மட்டும், “புள்ள மனசு நோகக் கூடாது. சரிடி, இன்னொண்ணு ஆடுவோம். இதுல ஜெயிச்சா முனைக்கடை உனக்கே. முன்னாடி ஆடுனது கணக்குல வேண்டாம்” என்றார். இவ்வளவு நல்ல மனசா என்று கூட்டம் அத்தையைக் கொண்டாடியது. நான் பல்லைக் கடித்தேன். பல் டாக்டருக்கு வேலை வைத்தது அந்த நிமிஷம்தான்.

இரண்டாவது ஆட்டத்தை நான் ஆடவில்லை. பதுங்கினேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் பெட்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். சிப்பாய் ஓரடி வைத்தால் எந்த வீடியோ என்று யோசித்தேன். என் காய்கள் ஒன்றுகூட வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அத்தைக்குத் தெரிந்த பொறி தீர்ந்துவிட்டதால் அவரும் கைக்கு வந்தபடி ஆடிக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் மகா தந்திரம் என்று நினைத்து வேர்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி ஆட்டத்தில் அத்தை ராணியைக் கொண்டுவந்து என் குதிரைக்கு முன்னால் வைத்தார். சும்மா வைத்தார். என் குதிரை ஒரு தாவு தாவினால் ராணி காலி. வைத்துவிட்டு எடுத்த கை நேராக வாய்க்குப் போனது.

“அய்யய்யோ. குதிரை நிக்கிறது தெரியலயேடி. திரும்ப எடுத்துக்கட்டுமா?”

அதே குரல், அதே நடுக்கம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு தடவைதான் ஏமாறுவாள் வசந்தி. பலகையை உற்றுப் பார்த்தேன். ராணியை அடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஒன்றும் ஆகவில்லை. காதர் அண்ணன் வைத்த டீயில் ஆடை படிந்தது. ஒன்றுமே தெரியாததால் இது மிக ஆழமான பொறி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தால் அது என்ன பொறி?

நான் சாய்ந்து உட்கார்ந்தேன். கூட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வாயெல்லாம் தேனாக, “எடுத்துக்கங்க அத்தை. பெரியவங்க, கண்ணு தெரியாம வச்சுட்டீங்க. இதுக்கெல்லாமா விதி?” என்றேன்.

“அடடா, என்ன வளர்ப்பு” என்றது கூட்டம். அப்பாகூட, “நல்ல காரியம் பண்ணுனம்மா” என்று என் தோளைத் தட்டினார். அத்தை ராணியை எடுத்துப் பத்திரமாக வேறு கட்டத்தில் வைத்தார். அப்புறம் அங்கிருந்து இறங்கி என் வீட்டுக்குள் நுழைந்தார். வெளியே வராத என் காய்கள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றன. கடைசியில் என் சிப்பாய்களே ராஜாவை அடைத்துக்கொண்டு நிற்க, அத்தையின் யானை என் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தது. மேட்.

கூட்டம் கலையும்போது காதர் அண்ணன் கேட்டார். “யக்கா, அந்த ராணியை வச்சீங்களே, அது எந்த வீடியோ?”

“வீடியோவாவது கீடியோவாவது. நெசமாவே கண்ணு தெரியல காதரு. இவ அடிச்சிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். தங்கமான புள்ள, திரும்பக் குடுத்துட்டா.”

நான் நம்பவில்லை. நடிப்பு என்றேன். மறுவாரம் வத்தலக்குண்டில் கண் முகாம் நடந்தது. துணைக்கு யாரும் இல்லையென்று அத்தையை அழைத்துக்கொண்டு போனது யார்? நான்தான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அந்தப் பக்கம் எது நின்றாலும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும் என்றார். என் குதிரை நின்றது அந்தப் பக்கம்தான். முகாமில் உட்கார்ந்து அழுதேன். “அத்தை மேல எம்புட்டுப் பாசம் பாரு” என்று பக்கத்துப் பெஞ்சில் இருந்த அம்மா தன் மகளிடம் சொன்னாள்.

அத்தை முனைக்கடைக்குப் போனார். நாங்கள் மாடிப்படிக்குக் கீழே போனோம். பெயர்ப் பலகையை அப்பா நினைத்த கலரிலேயே எழுதி மாட்டினோம். அதைப் படிப்பது நாங்கள் இருவர் மட்டும்தான். வீட்டில் அன்றிலிருந்து யார் எதை விட்டுக்கொடுத்தாலும், பஸ்ஸில் சீட்டாகட்டும் மீன் துண்டாகட்டும், “எடுத்துக்கங்க அத்தை” என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். என் கல்யாணப் பந்தியில் என் வீட்டுக்காரர் லட்டை என் இலைக்குத் தள்ளியபோது அப்பாவே சொன்னார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கினேன். அதற்கப்புறம் அவரும் சொல்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இப்போது கடையை நான்தான் பார்க்கிறேன். அப்பா பின்னால் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். இந்த வருடம் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் அத்தை கையில் தேத்தண்ணி கிளாஸோடு சந்துக்குள் வந்தார்.

“முட்டி தேஞ்சு போச்சுடி வசந்தி. முன்னால நின்னு கூவ முடியல. முனைக்கடையை நீ எடுத்துக்க. நான் இந்த நெழலுக்குள்ள உக்காந்துக்கிறேன்.”

எத்தனை வருடக் கனவு. ஆனால் பாழாய்ப் போன என் மூளை பலகையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஏன் இப்போது? ஏன் சீசனுக்கு முன்னால்? ரோடு அகலப்படுத்துகிறவர்கள் போன வாரம் டேப் பிடித்து அளந்தார்களே, முனையை இடிக்கப் போகிறார்களா? கூரை ஒழுகுகிறதா? ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாததுதான் ஆழமான பொறி. அதோடு, முதல் தடவையிலேயே எப்படி எடுப்பது, அலைஞ்சவளா நான்?

“வேண்டாம் அத்தை. நீங்களே வச்சுக்கங்க” என்றேன். இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். மூன்றாவதில் எடுத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

அத்தை “அப்படியா? சரிடி” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டார்.

அப்பா பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு, “மூணு தடவை கேக்கலயே” என்றார், ஏதோ உலகம் அழிந்துவிட்டது போல.

மறுவாரம் முனைக்கடை ஷட்டரைத் திறந்தது அத்தையின் மருமகள், அவர் மகனைக் கட்டியவள். ரோடு அளந்தவர்கள் எதிர்ப்பக்கத்தைத்தான் எடுக்கிறார்களாம். கூரையும் ஒழுகவில்லை. எந்தப் பொறியும் இல்லை. காதர் அண்ணன் என்னிடம் மெதுவாக, “அந்தப் புள்ள ஒரே தடவையில எடுத்துக்கிச்சும்மா” என்றார்.

புதுக் கையால் கடை திறப்பதால் பால் காய்ச்சினார்கள். சந்துக்கார உறவு என்று என்னையும் கூப்பிட்டார்கள். அத்தை ஒரு டம்ளரை என்னிடம் நீட்டி, “எடுத்துக்கடி” என்றார். அப்பா, காதர் அண்ணன், மருமகள், முக்கு மொத்தமும் என்னையே பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்தக் குடும்பத்தில் இனி எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, முதல் தடவையிலேயே டம்ளரைப் பிடுங்கி ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டேன்.

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருக்கிறார்கள். நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் வெந்துபோயிற்று.

“ஆறவிட்டுக் குடிக்கணும்டி” என்றார் அத்தை. “அதுக்குள்ள என்ன அவசரம்?”